ஏழாம் வாய்பாடும் பணியாரச் சட்டியும்

ரூபாய்க்குப் பதினாறு அணாவும் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடியுமாகக் கணக்குப் பார்த்துவந்த காலத்தில், பதினாறாம் வாய்பாடு வரை தடுமாறாமல் சொல்லத் தெரியாத பிள்ளையை மளிகைக் கடைக்கு அனுப்பப் பெரியவர்கள் தயங்கினார்கள் என்றால் அதில் நியாயம் இருந்தது. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசாம்ச முறை அமலுக்கு வந்து, அணாவும் தம்பிடியும் மெல்ல மெல்ல வழக்கொழிந்து போன பிறகும், அந்தப் பதினாறு மட்டும் நம் வீடுகளை விட்டு நகராமல், வாய்பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இன்றுவரை சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் முந்திய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களின் பாடு இன்னும் கடினம். எண்சுவடி என்ற ஏட்டில் முழு எண்களின் பெருக்கம் மட்டுமன்றி, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று படிப்படியாக இறங்கி, ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்கான முந்திரி வரையிலும் உள்ள பின்னங்களின் பெருக்கத்தையும் மனனம் செய்தாக வேண்டும். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே கூவ, தெருக்கோடி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்று பழைய மனிதர்கள் சொல்வார்கள்.

இப்படி ஒப்பிப்பதைப் பரிகாசம் செய்கிறவர்களின் கட்சியில் நான் சேர்ந்தவள் அல்ல. ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு என்று தாளக்கட்டோடு சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய கணக்கு, அறுபது பிராயத்திலும் காய்கறிக்காரரிடம் சில்லறை வாங்கும்போது கூப்பிடாமலே வந்து நிற்கிறது. அந்த உபகாரத்தை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் ஒப்பித்தலுக்கு ஒரு குறை உண்டு. ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், நன்றாக ஒப்பிக்கிற பிள்ளைகூட உதட்டுக்குள் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஏணியின் அடிப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் எட்டாவது படிக்கு வந்து சேர்கிறது. வழியில் ஒரு படி தவறினால் மறுபடியும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதையே திருப்பி, "ஐம்பத்தாறு எதனால் எதைப் பெருக்கினால் வரும்?" என்று கேட்டால், ஏறுவதற்கு ஏணியும் இல்லாமல் விழிக்கிறது. காதும் நாக்கும் பழகியிருக்கின்றன, கண்ணும் கையும் பழகவில்லை என்பதே இதன் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஏழு வரிசை எட்டாக ஐம்பத்தாறு புளியங்கொட்டையைத் தன் விரலால் அடுக்கிப் பார்த்த குழந்தைக்கு ஐம்பத்தாறு என்பது பிரத்தியட்சமான ஒரு பொருள். அதன் பிறகு வாய் சொல்வதெல்லாம் கை கண்டதற்குச் சாட்சி.

விளையாட்டுக்குள் இறங்குவதற்கு முன்பாக, குழந்தையின் மனத்திலிருந்து பயத்தை இறக்கிவைக்க ஒரு சிறிய யுக்தி இருக்கிறது. பத்துக்குப் பத்து கட்டம் போட்ட ஓர் அட்டையில், ஒன்று முதல் பத்து வரையிலான பெருக்கம் அனைத்தையும் எழுதினால் நூறு கட்டங்கள் நிறையும். மூவைந்தும் ஐம்மூன்றும் ஒரே பதினைந்துதான் என்று குழந்தை கண்டுகொண்ட மாத்திரத்தில் நூறு என்பது 55 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒன்றாம் வாய்பாட்டையும் பத்தாம் வாய்பாட்டையும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு என்பது இரட்டிப்பு, ஐந்து என்பது கை விரல். இந்த நான்கையும் அடித்துவிட்டால் மிச்சம் இருப்பவை 21 பெருக்கங்கள் மட்டுமே. இதை வாயால் சொன்னால் போதாது, சிவப்புப் பென்சிலைக் குழந்தையின் கையில் கொடுத்து அதையே அடிக்கச் சொல்ல வேண்டும். மலைபோல் இருந்த பாடம் தன் கையாலேயே கரைவதைக் காணும்போது அதன் முகத்தில் தோன்றுகிற குதூகலம், ஆயிரம் ஊக்க வார்த்தைகளால் வராது.

அந்த 21-இல் ஆறு இடங்களை ஏழாம் வாய்பாடு பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு, ஐந்து, பத்து ஆகியவற்றுக்கு ஒரு சாயல் உண்டு. ஒன்பதின் விடைகளில் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் ஒன்பதே வரும். ஏழுக்கோ எந்த நயமும் கிடையாது, எந்தச் சலுகையும் கிடையாது. இப்படி முரண்டு பிடிக்கிற அந்த எண்தான் நம் வீடுகளின் சமையலறையிலும் கூடத்திலும் எல்லா எண்களையும்விடத் தாராளமாகக் கிடக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பணியாரச் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய குடும்பங்களில் பன்னிரண்டு குழிச் சட்டியும் உண்டு என்றாலும், சாதாரணமாகப் புழங்குவது ஏழு குழிச் சட்டி: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு. மாலை வேளையில் நான்காம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி அடுப்படி மேடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஈடும் இறங்குவதைக் கணக்கு வைத்துக்கொள்வாள். ஈட்டுக்கு ஒரு கோடு என்று சாக்கட்டியால் சுவரில் போடுவது அவளுடைய உத்தியோகம். மாவை ஊற்றி, ஓரங்களில் எண்ணெய் விட்டு, கம்பியால் திருப்பிப் போடும்போது, அடுப்பின் சுடர் நேராகப் படுகிற நடுக்குழிப் பணியாரம் மற்ற ஆறையும் முந்திக்கொண்டு சிவந்துவிடும். ஆகையால் அதை முதலில் எடுத்துத் தனித் தட்டில் வைப்பது என் வழக்கம். ஆறு ஈடு இறங்கியிருந்த ஒரு சமயம், மொத்தம் எத்தனை என்று கேட்டேன். அவள் ஏணி ஏறவில்லை. இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுத்தி இருக்கிறது ஆறாறு முப்பத்தாறு பாட்டி. நடுவுல உள்ளது ஆறு. நாப்பத்திரண்டு!"

"சரி, எட்டு ஈடு எடுத்தா?"

"ஆறெட்டு நாப்பத்தெட்டு, நடுவுல எட்டு... அம்பத்தாறு. ஆனா தம்பி அப்பவே மூணு தின்னுட்டானே, அதைக் கழிக்கணுமா?"

பள்ளிப் புத்தகம் பங்கீட்டுப் பண்பு என்று பெயர் சூட்டி, அடைப்புக்குறிகளோடு ஒரு முழுப் பக்கத்துக்கு விவரிக்கிற விஷயம் இதுதான். ஏழு என்பது ஆறும் ஒன்றும். ஆகவே ஏழு மடங்கு என்பது ஆறு மடங்கும் ஒரு மடங்கும். அடைப்புக்குறியைக் கண்டு மிரள்கிற குழந்தை, இரண்டு தட்டைக் கண்டு மிரளுவதில்லை. கழித்தல் கணக்கைத் தம்பியே உபயமாகச் செய்துகொடுத்துவிட்டான்.

அடுத்தது பல்லாங்குழி. ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏழு குழி, ஆக மொத்தம் 14. குழிக்கு ஐந்து காய் வைத்து ஆடுகிற வழக்கத்தில், எழுபது காய்கள் பலகையில் இருக்கும். புளியங்கொட்டையோ சோழியோ, ஏதானாலும் சரி. ஆடும்போது ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால் அதற்குப் பசு என்று பேர். அந்தக் குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஆட்டம் முடிந்து ஜெயித்ததை எண்ணுகிற நேரம்தான் நமக்கு வேண்டிய நேரம். ஒவ்வொன்றாக எண்ண விடக் கூடாது. அடுத்த ஆட்டத்துக்குத் தன் குழிகளை ஐந்தைந்தாக நிரப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கையில் 28 காய் இருக்கிற பிள்ளை ஐந்து குழியை நிரப்பிவிட்டு, மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு குழி காலியாகக் கிடப்பதைத் துக்கத்தோடு பார்க்கும். எதிராளியிடம் 42 இருக்கும். அவர் ஏழு குழியையும் நிரப்பி, மிச்சமுள்ள ஏழைக் கையில் குலுக்கிக் காட்டுவார். பெருக்கலும் வகுத்தலும் மீதியும் ஒரே மூச்சில் அங்கே நடந்துவிடுகின்றன. வகுத்தல் என்று ஒரு தனிப் பாடம் இருப்பதாகவே அந்தப் பிள்ளைக்குத் தோன்றுவதில்லை.

ஐந்து பழகிய பிறகு, குழிக்கு ஆறு, அப்புறம் ஏழு, அப்புறம் எட்டு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். தன் பக்கத்து ஏழு குழியிலும் எவ்வளவு இருக்கிறது என்று ஆட்டம் தொடங்குமுன் சொல்பவருக்கே முதல் கை என்று ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது, ஐம்பத்தாறு என்ற வரிசை, முதல் கைக்காக நடக்கிற போட்டியில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதே விஷயத்தை வாசலில் காண்பிக்கக் கோலம் இருக்கிறது. நேர்ப் புள்ளிக் கோலத்துக்கு எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி என்று வைத்துவிட்டு, ஐந்தாம் புள்ளிக்குப் பிறகு மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தால், ஒரு பக்கம் எட்டைந்து நாற்பது, மறு பக்கம் ஈரெட்டுப் பதினாறு என்று ஐம்பத்தாறு இரண்டாகப் பிரிந்து நிற்கும். குழந்தையை அழைத்து வாசற்படியில் ஒரு தடவையும், பக்கவாட்டுத் திண்ணையில் ஒரு தடவையும் நிறுத்தினால், எட்டு வரிசை ஏழாக இருந்தது ஏழு வரிசை எட்டாக மாறுவதையும், புள்ளி ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை என்பதையும் அதுவே கண்டு சொல்லும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தைக் கொடுத்து மொத்தப் புள்ளியைக் கேட்கலாம். நடு வரிசை ஏழைத் தனியே வைத்து, நாலும் ஐந்தும் ஆறும் சேர்ந்த பதினைந்தை இரட்டித்து, முப்பத்தேழு என்று சொல்கிற பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டது என்று தைரியமாக முடிவு கட்டலாம்.

கோலத்தில் பிரியமுள்ள குழந்தைகளுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு பலகையில் வட்டமாகப் பத்து ஆணிகளைச் சம தூரத்தில் அடித்து, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் எழுதிவிடுங்கள். ஆணி அடிக்க மனமில்லாவிட்டால், கனமான அட்டையின் விளிம்பில் பத்து வெட்டுகள் போதும். பூஜ்யத்தில் நூலைக் கட்டி, ஒரு வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே, விடையின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து அந்த ஆணிக்கு நூலை இழுக்க வேண்டும். மூன்றாம் வாய்பாட்டுக்கு மூன்று, ஆறு, ஒன்பது, பிறகு பன்னிரண்டுக்கு இரண்டு, பதினைந்துக்கு ஐந்து என்று நூல் ஓடி, பத்து முனை நட்சத்திரம் ஒன்று உருவாகும். நான்காம் வாய்பாடு ஐந்து முனை நட்சத்திரத்தைத் தரும்; இரண்டாம் வாய்பாடு ஐங்கோணத்தைத் தரும்; ஐந்தாம் வாய்பாடோ பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இடையே ஒரே கோட்டில் போய்ப் போய்த் திரும்பிவரும். ஏழாம் வாய்பாட்டுக்கு நூல் இழுத்து முடித்ததும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: மூன்றின் நட்சத்திரமே அங்கும் வந்து நிற்கும், நூல் மட்டும் எதிர்த் திசையில் ஓடியிருக்கும். நான்குக்கும் ஆறுக்கும் ஒரே வடிவம். இரண்டுக்கும் எட்டுக்கும் ஒரே வடிவம். எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் பத்து வருமோ, அவை இரண்டும் ஜோடி என்ற ரகசியத்தைக் குழந்தை கண்டுபிடிக்கும் வரையில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தில் சிரமமான பகுதி.

கையால் தொட்டுக் கணிதம் கற்பது மேல்நாட்டிலும் ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது. அதற்கு முதன்மையான ஆசிரியை மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார்; யுத்த காலத்தில் கொடைக்கானலிலும் சில காலம் தங்கியிருந்தார். அவருடைய முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறத்தில் மணி கோத்த கம்பிகள் உண்டு: ஏழு வெள்ளை, எட்டு பழுப்பு, ஒன்பது கருநீலம், பத்து பொன்னிறம். ஏழு மணிக் கம்பி ஏழை இணைத்த சங்கிலியில் 49 மணிகள். அதை மடித்தால் சதுரமாகிவிடும். அதன் நீண்ட சங்கிலியில் 343 மணிகள் இருக்கும். ஒரு குழந்தை அதைத் தரையில் நீட்டி, ஏழு மணிக்கு ஒரு சீட்டு வைத்துக்கொண்டே தவழ்ந்து போவது பார்க்கத் தகுந்த காட்சி. இந்தச் சாதனங்களை விலை கொடுத்து வாங்குவது எல்லாருக்கும் சாத்தியமில்லை; அவசியமும் இல்லை. பாசிமணிக் கடையில் கிடைக்கும் மணிகளும் கொஞ்சம் மெல்லிய கம்பியும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் குழந்தைகளே கோத்து முடித்துவிடுவார்கள். கோப்பதே பாதிப் பாடம். மஞ்சாடி விதையும் உபயோகிக்கலாம். குன்றிமணியை மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அழகாக இருந்தாலும் அது கடுமையான விஷம்.

நம் அரசாங்கப் பள்ளிகளிலும் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022 முதல் நடந்துவரும் எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்தத் திசையில் எடுத்துவைத்த அடிகளே. ஆயினும் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையில், ஒவ்வொரு குழந்தைக்கு எதிரிலும் பல்லாங்குழிப் பலகையை விரித்து உட்கார அவரால் எப்படி முடியும்? அந்தக் காரியம் வீட்டுக்குத்தான் உரியது.

மழை நாளில் வெளியே போக முடியாமல் கிடக்கிற பிள்ளைகளுக்கு, நிலம் பிடிக்கிற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கம், இரண்டு தாயக்கட்டைக்குப் பதிலாக ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டுகள் ஒரு டப்பாவில், ஆளுக்கு ஒரு நிறப் பென்சில். இரண்டு சீட்டு எடுத்து நாலும் ஆறும் வந்தால், நாலு கட்ட அகலமும் ஆறு கட்ட நீளமுமாக ஒரு வயலை வளைத்து, அதற்குள் 24 என்று எழுத வேண்டும். விடை தவறானால் எதிராளி அதை எண்ணிக் காட்டி வயலைப் பறித்துக்கொள்ளலாம். இடம் இல்லாமல் போகிறவர் தோற்றவர். இதில் சாதுரியமான பிள்ளை, பதினெட்டை மூவாறாக வளைப்பதா ஈரொன்பதாக வளைப்பதா என்று தர்க்கம் செய்யத் தொடங்கும். சட்டப்படி அனுமதி இல்லாவிட்டாலும், அந்தக் கேள்விக்காகவே சட்டத்தைத் தளர்த்திவிடலாம்.

சீட்டுக்கட்டில் ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள நாற்பதில் ஆளுக்கு ஒன்று திருப்பிப்போட்டு, பெருக்கத்தை முதலில் சொல்கிறவர் இரண்டையும் அள்ளுகிற ஆட்டம் எல்லாருக்கும் தெரிந்ததே. பாண்டிக் கட்டத்தில் எண்களுக்குப் பதிலாக 6, 12, 18 என்று எழுதி நொண்டியடிப்பதும், ஸ்கிப்பிங் கயிற்றைத் தாண்டிக்கொண்டே எட்டெட்டாகச் சொல்வதும் அப்படித்தான். இவை கற்றதைக் கெட்டிப்படுத்தும், புதிதாகக் கற்பிக்கா.

கடைசியாக விரல். ஒன்பதாம் வாய்பாட்டுக்கு விரல் மடக்குவது பலருக்கும் தெரியும்: பத்து விரலையும் விரித்து, நாலொன்பதுக்கு இடமிருந்து நாலாம் விரலை மடக்கினால், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஆறு, முப்பத்தாறு. ஆறிலிருந்து பத்து வரைக்கும் ஒரு முறை உண்டு, அது அவ்வளவாகப் பரவவில்லை. ஏழெட்டு வேண்டுமானால், ஏழில் ஐந்து போக மிச்சமான இரண்டு விரலை இடக்கையிலும், எட்டில் ஐந்து போக மிச்சமான மூன்று விரலை வலக்கையிலும் நிமிர்த்துங்கள். நிமிர்ந்தவை ஐந்து, அவை பத்துகள், ஆக ஐம்பது. மடங்கியவை இடக்கையில் மூன்று, வலக்கையில் இரண்டு. அவற்றைப் பெருக்கினால் ஆறு. ஐம்பத்தாறு வந்துவிட்டது. நாலாம் வாய்பாடு வரை மாத்திரம் தெரிந்த பிள்ளை, பரீட்சை மேஜைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு பத்தாம் வாய்பாடு வரை சமாளித்துவிடும். இதைக் குறுக்கு வழி என்று கோபிக்கிற உபாத்தியாயர்கள் இருக்கிறார்கள். விரல் கடவுள் கொடுத்த சிலேட்டு, அதை உபயோகிக்கத் தடை போடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

விளையாட்டைப் பரீட்சையாக மாற்றிவிடாதீர்கள் என்று மட்டும் பெற்றோர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நிமிஷத்தில் சொல்கிறானே" என்று ஒரு வார்த்தை சொன்னால், பணியாரச் சட்டியும் பாடப் புத்தகமாகிவிடும். குழந்தை சலித்துக்கொள்வதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்துங்கள். நாளைக்கும் ஆட வேண்டும் என்ற ஆசை மிச்சம் இருக்கட்டும். தோற்பதற்கும் தயாராக இருங்கள், ஆனால் வேண்டுமென்றே தோற்காதீர்கள், அதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பல்லாங்குழிப் பலகை பரணில் இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். இல்லாவிட்டால் தரையில் சாக்கட்டியால் 14 வட்டம் போடுங்கள்; குழம்புக்குக் கரைத்த புளியின் கொட்டையை எறியாமல் சேர்த்து வையுங்கள், எழுபது சேர்ந்ததும் ஐந்தில் தொடங்குங்கள்.